இரண்டு கிலோ

"யாரு தின்னது? உண்மையச் சொல்லுங்க. எட்டுப் பேர்ல யாரு தின்னது?"

விழுப்புரம் மைதானத்தில், எடை பார்க்கும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று கத்தினார் சித்ரா டீச்சர்.

மாவட்ட அளவிலான மாணவியர் கபடி. ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் களத்தில் இறங்க முடியாது. பொன்னி 56.7. அஸ்வினி 56.9. வேணி 56.4. மூவரும் வெளியே. மிச்சம் ஐந்து பேர். ஏழு பேர் இல்லாமல் அணி இல்லை.

"நாங்க எதுவும் தின்னல மிஸ்," என்றாள் அணித் தலைவி அஸ்வினி.

"அப்ப காத்தக் குடிச்சி எடை ஏறுச்சா? வியாழக்கிழமை மண்டித் தராசுல நிறுத்தப்ப எல்லாரும் அம்பத்தஞ்சுக்குள்ள இருந்தீங்க. ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ! எட்டுப் பேருக்குமே ஏறியிருக்கு. மத்த அஞ்சு பேரு ஒல்லியா இருக்கறதால தப்பிச்சாங்க, அவ்ளோதான்."

"இந்த மெஷினு தப்பா இருக்கும் மிஸ்," என்றாள் பொன்னி, தயங்கித் தயங்கி.

"பதினோரு டீமுக்குச் சரியா இருக்கற மெஷினு, நமக்கு மட்டும் தப்பாம்!"

பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள்.

மயிலம் பக்கத்துப் பள்ளி அது. மூன்று ஆண்டுகளாக முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய அணி. தோற்றுப் பழகிவிட்ட பிள்ளைகளிடம், ஜெயிப்பது முதலில் மனசுக்குள் நடக்க வேண்டும் என்று சித்ரா டீச்சர் ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். ஒருத்தி தாமதமாக வந்தால் எட்டுப் பேரும் பத்துச் சுற்று ஓட வேண்டும். ஒருத்தி என்ன சாப்பிட்டாள் என்பதை இன்னொருத்தி கவனித்து நோட்டில் எழுத வேண்டும். கடைசிப் பத்து நாளாகச் சோறே கிடையாது. ஒரு வேளை கேப்பைக் கூழ், அதோடு சரி.

பள்ளியில் எடை பார்க்கக் கருவி இல்லை. திண்டிவனம் சாலையில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் சக்கரபாணிதான் வாராவாரம் தன் தராசில் நிறுத்துக்கொள்ள விட்டார். ஜெர்சியும் அவர் உபயம்தான். முதுகில் மண்டியின் பெயர். அதற்குக் கீழே, 'நேர்மையே வெற்றி.'

"ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்காங்க. ஜெர்சி மேல ஜெர்சி போட்டுக்கினு ஓடுங்க. ஜல்தி!"

புரட்டாசி வெயிலில் மூவரும் ஓடினார்கள்.

"மிஸ், வாய மட்டும் கொப்புளிச்சிக்கட்டுமா?" பொன்னியின் உதடு வெடித்திருந்தது.

"கொப்புளிக்கறப்ப ரெண்டு வாய் உள்ள போவும். ஓடு."

வேணி சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். வெறும் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. சித்ரா டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுபடி ஏறி நின்றார்கள். 56.2. 56.4. 56.

எதிரணியின் பயிற்சியாளர் நெடுஞ்செழியன், வெற்றித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆடாமலே ஜெயித்த சிரிப்போடு வந்தார்.

"என்னா மேடம், மைண்ட்செட்டு மைண்ட்செட்டுன்னீங்க? உங்க பொண்ணுங்க மைண்டு பூரா சோத்து மேல இல்ல இருந்துருக்கு!"



திரும்பி வரும் பேருந்தில் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் உட்கார்ந்தார்கள். தான் தின்னவில்லை என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். மற்றவள் தின்றிருப்பாள் என்ற சந்தேகத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

பொன்னி மட்டும் எழுந்து முன்னால் வந்தாள். இந்த முறை மாநிலப் போட்டிக்குப் போயிருந்தால், அந்தச் சான்றிதழைக் கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்திருக்கலாம்.

"மிஸ், நான் பிளஸ் டூ. எனக்கு அடுத்த வருஷம் கிடையாது மிஸ். நானா போயித் தின்னுவேன்?"

"உங்க கொல்லையில மல்லாட்டை புடுங்கியிருக்காங்க, எனக்குத் தெரியாதா? வூடு பூரா அவிச்ச மல்லாட்டை. வாயக் கட்ட முடியல, இல்ல?"

"சத்தியமா ஒண்ணுகூட..."

"தோத்துட்டு வந்திருந்தா மன்னிச்சிருப்பேன். பொய்ய மன்னிக்க மாட்டேன். திங்கக்கிழமை எல்லாரும் ஜெர்சியக் கொண்டாந்து குடுத்துடுங்க. இனிமே டீமு கிடையாது."

கூட்டேரிப்பட்டில் இறங்கியபோது, காலிச் சாக்குகளை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தார் பொன்னியின் அப்பா கண்ணையன். மகளின் முகத்தைப் பார்த்ததும் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"என்னா டீச்சர், என்னாச்சு புள்ளைக்கு?"

"அவளையே கேளுங்க. ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏத்திக்கினு வந்து, எல்லாரையும் தலைகுனிய வெச்சிட்டா. வியாழக்கிழமை நிறுத்தப்ப சரியாத்தான் இருந்தா."

"பத்து நாளா கூழத் தவிர எதையும் தொடலீங்களே. அவிச்ச மல்லாட்டைய அவ அம்மா கையில திணிச்சாகூட, 'டீச்சருக்குத் தெரிஞ்சா டீமே ஓடணும்'னு தட்டி வுட்டுட்டா." கண்ணையன் குழம்பிப்போய் நின்றார். "எங்கீங்க நிறுத்தீங்க?"

"சக்கரபாணி மண்டியிலதான். அஞ்சு மாசமா அங்கதான் நிறுக்கறோம்."

கண்ணையன் மகளின் வெடித்த உதட்டைப் பார்த்தார். பிறகு மொபெட்டில் கிடந்த காலிச் சாக்குகளைப் பார்த்தார்.

"அந்தத் தராசு எத வெச்சாலும் ரெண்டு கிலோ கம்மியாத்தாங்க காட்டும். இன்னிக்கிக் காலையிலகூடத் தெரிஞ்சேதான் மல்லாட்டைய அதுல போட்டுட்டு வந்தேன். ஊருக்கே தெரியுமே, டீச்சர்... உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"