‘ஹூ’வுக்கு முன்னால் ஒரு கமா

“அந்தக் கமா வேண்டாம். அழிங்க.”

அவள் சொன்னதும், கல்லறைக் கல் செதுக்குபவர் துணியை எடுத்துத் துடைத்தார். அவர் கையை எடுப்பதற்குள், இறந்துபோனவரின் அண்ணன் சாக்பீஸைப் பிடுங்கிக் கறுப்புக் கல்லில் அதே இடத்தில் மறுபடியும் கமா போட்டார்.

“காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தினவன் நான். எனக்கே இலக்கணம் சொல்லித் தர்றியா?”

“கல்லுல என்ன இருக்கணும்னு நான்தான் சொல்லணும். போனது என் புருஷன்.”

“என் தம்பி!”

படுக்கையில் கிடந்த தம்பியை ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத மனிதர், கல்லில் என்ன எழுதப்போகிறார்கள் என்று பார்க்க மட்டும் பட்டறைக்கே ஓடி வந்திருந்தார்.

‘எரெக்டட் பை ஹிஸ் வைஃப் ஹூ நர்ஸ்டு ஹிம்.’ அவரைக் கவனித்துக்கொண்ட மனைவி நிறுத்திய கல். அவ்வளவுதான் வாசகம். செதுக்குபவர் முதலில் ‘ஹூ’ வரவேண்டிய இடத்தில் ‘விச்’ என்று எழுதியிருந்தார். “நான் மனுஷிங்க, மேஜை நாற்காலி இல்ல” என்று அவள்தான் திருத்தினாள்.

“‘ஹூ’ தெரிஞ்சா போதுமா? அதுக்கு முன்னாடி வர்ற கமா தெரிய வேணாமா? அரைகுறைப் படிப்புன்னா இப்படித்தான்” என்றார் அண்ணன்.

செதுக்குபவருக்குப் பொறுமை போய்விட்டது.

“வால் முளைச்ச ஒரு புள்ளிக்கு ஏங்க இவ்வளவு சண்டை? உளி இறங்கிட்டா அப்புறம் அழிக்க முடியாது. அது இல்லாட்டி என்னதான் குடி முழுகிடும்?”

அண்ணன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“கமா இருந்தா, என் தம்பிக்கு ஒரே பொண்டாட்டி, அவ அவனைக் கவனிச்சுக்கிட்டான்னு அர்த்தம். இல்லாட்டி, இருக்கிற பொண்டாட்டிகள்ல எவ கவனிச்சாளோ அவ நட்டதுன்னு ஆயிடும். படிக்கிறவன் இன்னொருத்தி எங்கேன்னு கேப்பான். செத்தவன் மானத்தை வாங்கறதுக்கா கல்லு நடறது?”

செதுக்குபவர் உளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “ஐயா சொல்றது நியாயமாத்தானேம்மா இருக்கு? உங்களுக்குத்தானே அவமானம்? போட்டுடலாமே.”

அவள் விரலை எச்சிலில் தொட்டாள். கமா இருந்த இடம் பளபளக்கும்வரை அழுத்தித் தேய்த்தாள்.

“இவ்வளவு சொல்லியும் புரியலையா உனக்கு? மண்டையில என்ன இருக்கு?” பட்டறையே அதிரக் கத்தினார் அண்ணன்.

அவள் குரலை உயர்த்தவேயில்லை.

“நல்லாவே புரியுது அத்தான். அந்த இன்னொருத்தியை அவருக்குக் கட்டி வெச்சதே நீங்கதானே?”