முக்கால் பியானோ

"துரை வீட்டுப் பிள்ளைக்கு முழுப் பியானோ, நம்ம பிள்ளைக்கு முக்கால் பியானோவா?" என்று தேசம்மா கேட்டபோது அவள் புருஷன் பிரகாசத்தின் முகமெல்லாம் சவரச் சோப்பு. அதனால் பதில் சொல்லாமல் தப்பித்தார்.

விஷயம் இதுதான். சாந்தோமில் அவர்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு டோரதி மிஸ்ஸுடையது. ஊமைப் படம் ஓடிய காலத்தில் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தவள். படம் பேச ஆரம்பித்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நாலைந்து பிள்ளைகளுக்கு டாக்கிப் பாட்டுகளை வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். தேசம்மாவின் மகள் நோராவும் அதில் ஒருத்தி.

நோராவுக்குப் பதினாலு வயது. ஐந்து வயதில் கட்டிலிலிருந்து விழுந்து இடது கை முறிந்தது. கட்டுப் போட்டவர் கோணலாகப் போட்டுவிட்டார். முழங்கை முழுசாக நீளாது. தேசம்மாவுக்கு அது ஓயாத கவலை. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும், "தாவணியை இழுத்து விட்டுக்கோ, கை தெரியுது" என்பாள்.

பியானோ தெரிந்தால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைக்கும், நாளைக்குப் பெண் யார் தயவிலும் நிற்க வேண்டாம் என்றுதான் மிஸ்ஸிடம் அனுப்பினாள்.

எட்டு மாதமாகியும் நோராவின் இடது கை பியானோவின் நடுவை விட்டு நகரவில்லை. கேட்டால், இடது கோடியில் இருபது கட்டைகள் ஊமை, கடல்காற்றில் உள்ளே துருப்பிடித்துவிட்டதாம், மிஸ் சொன்னாங்க என்றாள்.

"அப்புறம் பாட்டு எப்படிடி வரும்?"

நோரா சாப்பாட்டு மேஜை மேல் விரலை வைத்து விளக்கினாள். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் அது ஒரு கார்டு. அடுத்த கார்டுக்காக இடது கோடிக்கு ஓட வேண்டியதில்லை. அதன் கீழ்ச் சுரத்தைத் தூக்கி மேலே போட்டால் போதும். அதே மூன்று சுரம், கைக்கு அடியிலேயே வந்துவிடும். அதற்கு இன்வர்ஷன் என்று பெயர். மூன்று கார்டுகளை இப்படிப் புரட்டத் தெரிந்தால் பாதி டாக்கிப் பாட்டுகளை வாசித்துவிடலாம்.

இட்லியைப் புரட்டி வைத்தால் இன்னொரு இட்லி ஆகிவிடுமா என்று தேசம்மாவுக்கு அப்போதே சந்தேகம்.

அன்று காலை அது முற்றிவிட்டது. மார்க்கெட்டிலிருந்து வரும்போது மிஸ் வீட்டில் சர்வே ஆபீஸ் துரையின் மகன் வாசித்துக்கொண்டிருந்தான். துருப்பிடித்த கட்டைகள் இருபதும் தொம் தொம்மென்று தெருவரைக்கும் கேட்டன.

பிரகாசம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை சந்தோஷமாக வாசிக்கிறாளே, போய்ச் சண்டை போடாதே என்றார். தேசம்மா சண்டையே போடப் போவதில்லை என்றாள். நோராவை நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்பதைக் கோயிலுக்கு வருகிற அத்தனை வீட்டுக்கும் சொல்லிவிட்டு வரப் போகிறாள், அவ்வளவுதான்.

நோராவுக்கு வகுப்பு ஐந்து மணிக்கு. நாலே முக்காலுக்கே தேசம்மா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

மிஸ் முக்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். பியானோவின் மேல்மூடியைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, இடது பக்கத்துத் தந்திகள் மேல் ஒரு கம்பளிச் சால்வையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மிஸ் இது? துருன்னு சொன்னீங்க. துரு கம்பளி போத்திக்கினு கீதே."

"மெதுவா பேசுங்க. நோரா வர்ற நேரம்."

"வரட்டுமே. அவளுக்கும் தெரியட்டும்."

"தெரிஞ்சா நாளையிலேருந்து வரமாட்டா" என்றாள் மிஸ், முக்காலியிலிருந்து இறங்காமலேயே. "முதல் வாரம் அந்தக் கோடிக் கட்டைக்கு எட்டிப் பார்த்தா. முழங்கை நீளல. உடம்பையே சாய்ச்சா. கூட இருந்த பையன் சிரிச்சுட்டான். 'என் கை சரியில்ல மிஸ், எனக்கு இது வராது'ன்னு கையைத் தாவணிக்குள்ள இழுத்துக்கிட்டு எழுந்துட்டா. உன் கை சரியாத்தான் இருக்கு, என் பியானோதான் சரியில்லன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? அஞ்சு மணிக்கு முன்னாடி ஏறி அடைக்கிறேன், ஆறு மணிக்கு ஏறி எடுக்கிறேன். முட்டிதான் வலிக்குது."

தேசம்மா முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

தேசம்மா மிஸ்ஸைக் கையைப் பிடித்து இறக்கினாள். தானே முக்காலியில் ஏறினாள். வெளியே தொங்கிய சால்வையை அழுத்தித் திணித்து மூடியைச் சாத்தினாள். இறங்கியதும், இடது கோடிக் கட்டை ஒன்றை அழுத்திப் பார்த்தாள். டப்பென்று வெறும் மரச் சத்தம்தான் வந்தது.

உள்ளே வந்த நோரா அம்மாவைக் கண்டதும் தாவணியை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். "ஏம்மா, மிஸ்கிட்ட சண்டையா?"

"பின்னே? உங்க மிஸ்ஸோட பியானோ சுத்த தண்டம்டி. கால்வாசி ஊமை. நானே அழுத்திப் பார்த்துட்டேன்" என்றாள் தேசம்மா, தெருவுக்கே கேட்கிற குரலில். "இதுலயும் பாட்டு வருதுன்னா அது உன் கையாலதான். அதைப் போய் ஏன் மூடிக்கினு கீற? எடுத்து வெளியில வை."