ஏழாம் எண்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மலேசியாவின் கிள்ளானிலுள்ள ஒரு பம்ப் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் பதவிக்கான தேர்வு நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே பம்ப் பொருத்திவந்த குளோரியாவின் முன், பொறியாளர் ரேமண்ட் ஒரு வரைபடத்தை விரித்தார்.

“இந்தப் பம்ப்புக்கு மொத்தம் எத்தனை பாகம், சொல்லுங்க.”

“படத்துல ஏழு இருக்கு, பாஸ். கீழே லிஸ்ட்ல ஆறுதான் போட்டிருக்கு. ஏழாவது வாஷர் விட்டுப்போச்சு. அது இல்லாம மாட்டுனா தண்ணி ஒழுகும் லா.”

ரேமண்டின் முகம் கறுத்தது. “ஆறுதான் சரியான விடை. உங்களுக்கு டிராயிங் படிக்கத் தெரியல.”

குளோரியா வரைபடத்தின் மூலையைப் பார்த்தார். ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் ரேமண்டின் கையெழுத்து இருந்தது.

மாலையில் முடிவு அறிவிக்கப்பட்டது. குளோரியா தேர்ச்சி பெறவில்லை. வரைபடத்தின் பட்டியலில் மட்டும் ஏழாம் எண் சேர்க்கப்பட்டிருந்தது.