பெரிய துண்டாகப் பார்த்து

திரேசம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தங்கை செசீலியா வாயைத் திறக்கவே இல்லை.

கூடப்பிறந்த ஒரே அக்கா. கண்ணீர் கழுத்துவரை வழிகிறது. சத்தம் மட்டும் இல்லை.

"என்ன நெஞ்சுகா இவளுக்கு?" என்றாள் அடுத்த வீட்டுப் புஸ்பம், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் பிறத்தியாள். எனக்கே தொண்டை கட்டிப் போச்சு."

உள்ளே திரேசம்மாவின் மகள் அஞ்சலா தலையணை, பெட்டகம், சட்டி பானை எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கட்டுப்பல்லைக் காணவில்லை.

பல் இல்லாமல் திரேசம்மாவின் முகம் வாடிய வெற்றிலையாக உள்ளே மடிந்து கிடந்தது. படம் பிடிக்க வந்த றோய், பக்கவாட்டில் எடுத்தால் தெரியாது என்று யாருக்கோ ஆறுதல் சொன்னான்.

முதல் நாள் மத்தியானம், தனியே இருந்து சாப்பிடும்போது, இறைச்சித் துண்டொன்று தொண்டையில் அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்து அப்படித்தான் சொன்னார். பல்லுள்ள மனுசி அதை ஏன் மெல்லாமல் விழுங்கினாள் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் செசீலியாவிடம் பதில் இருந்தது. வாய்க்குள் இருந்தது.

நேற்று அவளுடைய மகளைப் பெண் பார்க்கக் கல்குடாவிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், பெண்ணைப் பார்க்குமுன் பெண்ணின் தாயைப் பார்ப்பவள் என்று கேள்வி. செசீலியாவின் வாயிலோ ஒரு பல்லும் இல்லை.

விருந்து முடிந்ததும் கொண்டுவந்து தா என்று அக்காதான் கழற்றிக் கழுவிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

விருந்து முடிந்தது. பேச்சு முடியவில்லை.

அந்தப் பல் செசீலியாவுக்கு அளவில் கொஞ்சம் பெரிது. சிரிக்க நிற்கும், அழ நிற்காது. வாய்விட்டு ஓலமிட்டால் அக்காவின் நெஞ்சில் போய் விழும். செத்தவீட்டுக்கென்று தங்கிவிட்ட மாப்பிள்ளையின் தாயோ தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள்.

பங்குச் சுவாமி வந்தார். கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னார்கள்.

செசீலியா முக்காட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு குனிந்தாள். மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் குனிந்திருந்தாள்.

அக்காவின் வாய் விறைத்துப்போயிருந்தது. பல்லை வைக்க விரல்கூட நுழையவில்லை.

தலையணை ஓரத்துப் பூக்களுக்குள் பல்லைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது அவளும் அக்காவைப் போலவே இருந்தாள்.

பிறகு அழுதாள். வெறும் ஈறு தெரிய, வாவியின் அக்கரைக்குக் கேட்க அழுதாள்.

றோய் படம் எடுத்தான்.

"பாருங்ககா, ஒரு நிமிசத்தில மனிசிக்கு முகமே விழுந்து போச்சு!" புஸ்பம் மூக்கைச் சிந்தினாள்.

மாப்பிள்ளையின் தாய் செசீலியாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். இப்படிப் பாசமுள்ள வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பெட்டியை மூடுமுன்னமே கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு அஞ்சலா குசினியிலிருந்து ஒரு பீங்கானை எடுத்து வந்தாள்.

நேற்று விருந்துச் சட்டியிலிருந்து நல்ல பெரிய துண்டுகளாகப் பார்த்து அள்ளி, அம்மாவுக்குச் சூடாறுமுன் கொடுத்துவிட்டு ஓடி வா என்று செசீலியா அவள் கையில் கொடுத்து அனுப்பிய பீங்கான். வாய் நிறையப் பல்லோடு, சிரித்துச் சிரித்து அனுப்பியது.

கழுவித் துடைத்திருந்தது. வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நன்றாகக் கனிந்த கதலிப்பழம் இரண்டு அதில் இருந்தன.

"பழந்தான் சின்னம்மா," என்றாள் அஞ்சலா, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு. "கடிக்கத் தேவையில்ல. அப்பிடியே விழுங்கலாம்."