குறட்டைக் காட்சி

மேடையில் நின்றது பூரணியின் கத்தரிப்பூச் சேலை. அதற்குள் நின்றது அவள் புருஷன் ஆண்டியப்பன்.

பொங்கலுக்கு மறுநாள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்தில் நாலு மேசையைச் சேர்த்துப் போட்டு நாடகம். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. கல்யாணம் கட்டினவர்கள் படும் பாட்டைச் சொல்லும் சிரிப்பு நாடகம். பெண்கள் மேடை ஏறுகிற வழக்கம் தோட்டத்தில் ஏது? மீசையை மழித்த ஆண்டியப்பன்தான் பொண்டாட்டி.

வீட்டில் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் அவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு இரண்டு மணிக்கே லயத்து வரிசையில் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்துவிடுவான். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அவள் வர இருட்டிவிடும். வந்து எதைச் சொன்னாலும் அவனிடமிருந்து வருவது ஒரே ஒரு ‘ம்’. கல்யாணமாகி நாலு வருஷம், அவ்வளவுதான் பேச்சு. இவன் எங்கே வசனம் பேசப் போகிறான் என்று பூரணிக்குக் காலையிலிருந்தே பயம்.

முதல் காட்சி எப்படியோ தப்பித்தது.

இரண்டாம் காட்சியில் ஆண்டியப்பன் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நின்றான். பிறகு இடுப்பில் கை வைத்தான்.

“விடியக்காலம் எந்திரிச்சு ரொட்டி சுட்டேன். தின்னுட்டுக் கையத் தொடச்சீங்களே, நீ தின்னியா புள்ளன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

களமே கொல்லென்று சிரித்தது. பூரணியும் சிரிக்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. போன புதன்கிழமை அடுப்படியில் அவள் கேட்ட கேள்வி அது.

“நனைஞ்ச கம்பளிக்குக்கூட அடுப்புக்கிட்ட எடம் இருக்கு. எனக்கு இந்த வீட்டுல எங்க எடம்?”

அதுவும் அவளுடையதுதான். ஐப்பசி மழையில் சொன்னது.

“சுவத்துக்கிட்டப் பேசியிருந்தாலும் இந்நேரம் அது பதில் சொல்லியிருக்கும்!”

பக்கத்துக் காம்பரா வேலாயி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அடியே பூரணி, ஒன்னயே பாத்த மாதிரி இருக்குடி!”

பூரணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசியதெல்லாம் மேடைக்கு எப்படி வந்தது? நாடகம் எழுதினவன் சிவசாமி. இரண்டு மாதமாக ஒத்திகை ஒத்திகை என்று இந்த மனுஷன் கிடந்தது அவன் காம்பராவில்தான். ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறான், அவனும் எழுதியிருக்கிறான். மானம் கப்பலேறிவிட்டது!

ஆனால் ‘ம்’ தவிர வேறு தெரியாதவன் இவ்வளவையும் எந்த வாயால் சொன்னான்? ஊரானிடம் பேசத் தெரிந்த நாக்கு என்னிடம் மட்டும் எங்கே போயிற்று? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே மேலே சிரிப்புத்தான் கேட்டது.

இறம்பொடைத் தோட்டத்தில் அண்ணன் இருக்கிறான். இன்றைக்கே போய்விடுவது என்று முடிவு கட்டினாள். ஆனால் உடுத்திக்கொண்டு போக இருக்கிற ஒரே நல்ல சேலை அங்கே மேடையில் ஆடிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

கழற்றி வாங்கிக்கொண்டே போவது என்று எழுந்து படுதாவுக்குப் பின்னால் போனாள்.

அங்கே சிவசாமி வசன நோட்டும் கையுமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

“தங்கச்சி, ஒன் புருசன் ரெண்டாங் காட்சியிலயே எல்லாத்தையும் மறந்துட்டான். நான் எடுத்துக் குடுக்குறதும் காதுல ஏறல. அதுக்கப்புறம் இதுல எழுதுனது ஒரு வரிகூட அவன் பேசல!”

பூரணி நோட்டைப் பார்த்தாள். சிவசாமியைப் பார்த்தாள். எழுதாததை இவன் எங்கிருந்து எடுத்துப் பேசுகிறான்?

படுதாவுக்கு அந்தப் பக்கம் கடைசிக் காட்சி. மேடைப் புருஷன் கால் நீட்டிப் படுத்து, களம் அதிரக் குறட்டை விட்டான். சனங்கள் விழுந்து புரண்டு சிரித்தார்கள். ஆண்டியப்பன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“நீங்க தூங்குறீங்கன்னுதான் சொல்றேன். அடுத்த பொறப்புலயும் நீங்கதான் வேணும். ஆனா நான் புருசனாப் பொறக்கணும், நீங்க எனக்குப் பொண்டாட்டியா வரணும். தின்னியா புள்ளன்னு தெனமும் கேப்பேன்.”

அடேயப்பா, என்ன கைதட்டல்! விசில் வேறு.

பூரணி படுதாவைக் கட்டியிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். அதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், போன ஆடியில். அதுவும் அவன் குறட்டை விடுகிறானா என்று நன்றாகக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

ஆண்டியப்பன் உள்ளே வந்தான். முகத்துப் பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்திருந்தது. அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

பூரணி சேலைத் தலைப்பை எட்டிப் பிடித்தாள். பிடித்தவளுக்கு உருவுவதா, அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

“அன்னைக்கு முழிச்சா இருந்தீங்க?”

“ம்,” என்றான்.