கூட்டாமல் விட்ட இடம்

மூன்றாம் நாளும் விமலாம்பிகை அக்கா முற்றம் கூட்டவில்லை.

எட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் போகவில்லை. வேலியில் பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது, பிஞ்சு பார்க்கப் போனேன். பிஞ்சு இல்லை. முற்றம் தெரிந்தது.

எங்கள் இறுப்பிட்டியில் ஆள் இருக்கிற வீடுகளை விடப் பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் அதிகம். என் கண்ணுக்கும் காதுக்கும் மிஞ்சியிருப்பது அக்காவின் வீடு ஒன்றுதான். அதையும் நான் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பது?

அக்காவின் மகள் தக்ஷாயினி கம்பஸிலிருந்து ஆறு மாதப் படிப்புக்கு நோர்வே போயிருக்கிறாள். இங்கிருந்து ஒருத்தி போனால் அங்கிருந்து ஒருத்தி வருவாளாம். வருகிறவளுக்கு எங்கள் வெயிலும் நுளம்புக்கடியும். போகிறவளுக்குப் பனி, தனி அறை, சைக்கிள், மகள் மாதிரி வைத்துப் பார்க்க ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்.

போவதற்கு முதல் அவள் வாயில் வேறு கதை இல்லை. நடுப்பகலிலும் அங்கே இருட்டாம். அதைப் பார்க்க ஆசையாம். கரண்ட் போனால் ஊருக்கே கேட்கக் கத்துகிற பிள்ளை.

புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனாள். முன்படியிலிருந்து வேலிப் படலைவரை, ஈரமணலில் அந்தத் தடம் அப்படியே கிடந்தது.

தூரப் பயணம் போனவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அவரின் காலடியைக் கூட்டக்கூடாது. பிணம் எடுத்த வீட்டில்தான் உடனே முற்றம் கூட்டுவார்கள். ஆனால் இப்போதுதான் போன் இருக்கிறதே, அடுத்த நாளே விளக்குமாறு எடுத்துவிடலாம்.

தக்ஷாயினியிடமிருந்து போய்ச் சேர்ந்த செய்தி இல்லை. வழியில் எங்கோ பனிப்புயல், விமானம் பிந்தும் என்று ஒரு வரி அனுப்பினாள். பிறகு அவளின் போன் வேலை செய்யவில்லை.

அக்காவின் வீட்டுக் குசினியில் அடுப்பும் எரியவில்லை. எரிந்திருந்தால் எனக்கு மணந்திருக்கும்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், மற்ற நாட்களிலும் அக்கா அந்த முற்றத்தை முழுதாகக் கூட்டுவதில்லை. மற்ற இடமெல்லாம் கழுவிய தட்டு மாதிரி இருக்கும். குசினி வாசலிலிருந்து படலைக்குப் போகிற ஒரு பட்டையில் மட்டும் வேப்பஞ்சருகு கணுக்காலுக்கு ஏறிக் கிடக்கும். படலையையும் அடைப்பதில்லை, ஊர் ஆடெல்லாம் உள்ளே வந்து போகும். நாரிப்பிடிப்பு, குனிய முடியவில்லை என்று நினைத்தேன். ஊருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அக்காவின் மூத்த மகன் சிவகுமரன் போன விதம் வேறு. பெடியன்கள் எல்லாம் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறின காலம். குசினிக் கதவால், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு போனானாம். செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுவிடும் என்ற பயமாம்.

அந்தப் படகைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

பொறுக்க முடியாமல், வேலியில் ஓலை விலகின பொட்டுக்குள்ளால் புகுந்தேன்.

“யோகம்மா, உதிலை மிதியாதையும்!” படியில் போனும் கையுமாக இருந்த அக்கா கத்தினார்.

நான் கால் வைக்கப் போனது சப்பாத்துத் தடத்தில் அல்ல. சருகுப் பட்டையில்.

“சருகுதானே அக்கா?”

அவர் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. தக்ஷாயினி. முகம் தெரிகிற அழைப்பு. நான் அக்காவின் தோளுக்குப் பின்னால் இடம் பிடித்தேன்.

“அம்மா! வந்து சேர்ந்திட்டன். போன் செத்துப்போச்சு, பஸ்ஸிலதான் சார்ஜ் ஏத்தினனான். வீட்டுக்காரர் எல்லாரும் வேலைக்குப் போட்டினம், கதவுத் திறப்பைப் பூச்சட்டிக்குக் கீழ வைச்சிருந்தவை. இஞ்சை பாருங்கோ, பகல் பன்னிரண்டு மணி, இருட்டு!”

அக்கா அழவில்லை. மூன்று நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

“றோட்டிலயிருந்து வாசல்வரை ஒருத்தரும் மிதிக்காத பனி அம்மா. நான்தான் முதல் ஆள்!”

வாசலில் நின்று போனைத் திருப்பிக் காட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் வெள்ளை. அதில் அவளின் சப்பாத்துத் தடம் றோட்டிலிருந்து நேரே வந்திருந்தது.

பக்கத்தில் இன்னொரு தடம்.

ஐந்து விரலும் பதிந்த வெறுங்கால்.

என் வாய் தானாகத் திறந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அமத்தினார்.

“பிள்ளை,” அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, “உள்ளுக்குப் போ. கதவை உடனை சாத்திப்போடாதை. கொஞ்சம் திறந்து விடு.”

“உங்களுக்கென்ன விசரே? குளிருதம்மா!”

“கொஞ்ச நேரம்தான், மோனை.”

தக்ஷாயினி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். போனில் அவள் முகம். அதற்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்கு அப்பால் இருட்டு.

நான் ஒன்றையும் காணவில்லை. அக்கா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி,” என்றார். “இனிச் சாத்து.”

போனைப் படியில் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். மகளின் தடத்தை விலத்தி நடந்து, குசினி வாசலுக்குப் போய், சருகுப் பட்டையில் தொடங்கினார்.

நாரியில் ஒரு பிடிப்பும் இல்லை.

படலைவரை கூட்டி முடித்து, படலையை இழுத்துச் சாத்திக் கொளுவினார்.