செவ்வாய்க்கிழமைக் கேள்விகள்

"இந்த வாரம் நடந்தீங்களா, ஐயா?" முதுமை ஆய்வு மாணவி படிவத்தை விரித்தாள்.

"கடை வரைக்கும் போனேன்மா. நீ வருவியே, பிஸ்கட் வேணாமா?" என்றார் முதியவர்.

"தூக்கம்?"

"அடிச்சுப்போட்ட மாதிரி! முன்னெல்லாம் சுவரோடதான் பேச்சு. இப்போ செவ்வாய்க்கிழமைக்கு, திங்கட்கிழமையே சவரம் பண்ணிடறேன்."

பல்கலைக்கழகத்தில் படிவத்தைப் பார்த்த பேராசிரியரின் முகம் கடுகடுத்தது.

"ஆறு மாசத்துல இவ்வளவு தேறிட்டாரா?"

"ஆமா சார்!" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன ஆமா? பயிற்சி, பேச்சுத்துணை எல்லாம் பக்கத்துத் தெருக்காரங்களுக்கு. ஒண்ணுமே செய்யாம விட்டா என்ன ஆவாங்கன்னு பார்க்கத்தான் இவரைச் சேர்த்தோம். கெடுத்து வச்சிருக்கே! இனிமே போகாதே. படிவத்தைத் தபால்ல அனுப்பு."

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்த படிவத்தைப் படித்துப் பேராசிரியர் தலையாட்டினார்.

"நடை இல்லை, தூக்கம் இல்லை, யாரோடவும் பேச்சு இல்லை. இப்பதான்மா சரியா வருது."